மூன்றாவது பாட்டில் கிட்டார் வாசித்தவன்

போன பிறகும் எனக்கு முன்னால் வந்து நிற்கிற என் அருமை மச்சான் குணாவுக்கு,

நம் ஆல்பம் வெளிவந்துவிட்டது. 'மூணு ஷிஃப்ட்' என்று நீ வைத்த பெயரையே வைத்தோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைப் பேசி எடுத்தான் நம் கீபோர்டு யூசுப். மேடைக்கு நடுவில் உன் போட்டோ, அதற்கு ஆளுயர மாலை. எனக்கும் அவனுக்கும் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

ஆமாம்டா, பொறாமைதான். செத்தவன்மேல் என்ன பொறாமை என்று கேட்பாயா? உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்ல?

நாம் வாசிக்கிற இந்த ப்ராக் ராக் இசை நம் பக்கத்தில் யாருக்குப் புரிந்தது? ஒரு பாட்டு முடிவதற்குள் அம்பத்தூரில் ஏறி ஆவடியில் இறங்கிவிடலாம் என்று கிண்டல் செய்தார்கள். நடுவில் தாளம் மாறும், கதை மாறும், பாடுகிறவனே கொஞ்ச நேரம் காணாமல் போய்விடுவான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் ஓட்டுகிற பிரஸ் மெஷின் ஏழு ஏழாக அடிப்பதை ஒருநாள் டீக்கடை பெஞ்சில் தட்டிக் காட்டினேன், நினைவிருக்கிறதா? அதிலிருந்துதான் மூன்று நீளப் பாட்டும் பிறந்தன. ஒரு தொழிலாளியின் காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட். தட்டியது நான். நீ கிட்டாரை எடுத்ததும் அது உன்னுடையதாகிவிட்டது.

எப்போதும் அப்படித்தானே? உன் தங்கச்சி செல்வியைக் கட்டிக்கொண்டு பாரிவாக்கத்தில் உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். விருந்தன்றே உன் அம்மா, என் அத்தை, எனக்கு இலை போட்டுவிட்டு, குணா வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று உட்காரவைத்தார்கள். நீ வரும்வரை வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு பாட்டுக்கு உன் கிட்டார் பதிவாகியிருந்தது. மூன்றாவதற்கு என் டிரம்ஸும் யூசுப்பின் கீபோர்டும் மட்டும்தான். அப்போதுதான் சென்னீர்குப்பத்தில் ஒரு வீட்டில் வாட்டர் பியூரிஃபையர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த நீ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்சநாள் கழித்து, மூன்றாவது பாட்டுக்கு வெளியிலிருந்து ஆள் பார்க்கலாம் என்றான் யூசுப். நான் வாசிக்கிறேன் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஆட்டோ டிரைவர் திடீரென்று விமானம் ஓட்டுகிறேன் என்றால் எப்படிப் பார்ப்பார்கள், அப்படி.

உன் கிட்டாரை அத்தை எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் வேலை விட்டு வந்ததும் அதோடுதான் உட்கார்ந்தேன். நீ வாசித்ததை வேகம் குறைத்துப் போட்டுக் கேட்டேன். கம்பியை எங்கே வளைக்கிறாய், எங்கே ஒரு மூச்சு தாமதிக்கிறாய், எல்லாவற்றையும் திருடினேன். விரல் நுனி உரிந்து, மறுபடி காய்ப்புக் காய்த்தது. பூந்தமல்லியில் யூசுப் அப்பாவின் கடைக்கு மேலே இருக்கிறதே நம் ரெக்கார்டிங் அறை, அங்கே ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்தேன். யூசுப் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில் இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். பிறகு, "அவனே வந்து வாசிச்ச மாரி கீதுடா" என்றான்.

அன்றைக்கு அது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

மண்டபத்தில் மூன்றாவது பாட்டு ஓடும்போது அழாதவர்கள் குறைவு. முடிந்ததும் எல்லோரும் அத்தையிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆல்பம் அட்டையில் 'மூன்றாவது பாட்டில் கிட்டார்: வாசு' என்று என் பெயரை அச்சடித்துத்தான் இருந்தோம். இப்போது அட்டையை யார் படிக்கிறார்கள்? எல்லோரும் போனில் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, கடைசிப் பாட்டில் குணா அண்ணன் உயிரையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று கீழே எழுதுகிறார்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன். எத்தனை பேருக்கு என்று பதில் போடுவேன்? போட்டால்தான் என்னை என்னவென்று நினைப்பார்கள்?

அடுத்த வாரம் ஒரு யூடியூப் சேனல்காரர் அத்தையைப் பேட்டி எடுக்கப் பாரிவாக்கம் வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டார்.

"மூணாவதுதாம்பா. அத்தக் கேட்டா எம்புள்ள பக்கத்துல குந்திக்கினு வாசிக்கிற மாரியே கீது."

என்னால் முடியவில்லை குணா. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அத்த, அத வாசிச்சது நானு."

அத்தை கோபப்படவில்லை, அழவும் இல்லை. என் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, "அப்போ அவன் கடசியா வாசிச்சது எது?" என்று மட்டும் கேட்டார்கள்.

இரண்டாவது பாட்டின் கடைசியில் நீ ஒரு இடத்தில் தப்பாக வாசித்துவிட்டு 'ச்சு' என்று உச்சுக்கொட்டிச் சிரிப்பாயே, வெட்ட மனசு வராமல் யூசுப் விட்டுவைத்தது, அதைப் போட்டுக் காட்டினேன். போனை நீட்டி, அந்த இடத்துக்கே நேராகப் போவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இப்போது தினமும் அதைத்தான் கேட்கிறார்கள். மூன்றாவது பாட்டை அதற்குப் பிறகு ஒருதடவைகூடப் போடவில்லை. உன் தப்புக்கு இருக்கிற இடம் என் உழைப்புக்கு இல்லையா? அத்தையைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. வயிறு மட்டும் எரிகிறது.

செல்வியிடம் புலம்பினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எங்கண்ணன மாரியே வாசிச்ச. அதான் எல்லாரும் அவன்னு நெனச்சிக்கினாங்க. நீ வாசிச்சா எப்டி இருக்கும்னு எனக்கே தெரியாதுயா."

இத்தனை வருஷம் கூடவே இருக்கிறவளுக்கே தெரியாதென்றால் அது எங்கே இருக்கிறது? எனக்குள் இருக்கிறதா, இல்லவே இல்லையா? ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அவள் முகத்தில் இரக்கம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது. அது என்னைப் பார்த்து மட்டும் கேட்ட கேள்வி. உனக்கு அதில் பங்கு கிடையாது.

நேற்று யூசுப் அறைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை வாசித்துப் பார்த்தேன். கட்டை வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி இருந்தது. "இன்னாடா இது, யார் மாரியும் இல்ல" என்றான். இன்னொரு தடவை வாசித்தேன். அவன் சிரித்துக்கொண்டே கீபோர்டை ஆன் செய்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இனி உன் விரல்களை இரவல் வாங்க மாட்டேன். நீ கேட்டு வயிறெரிகிற மாதிரி ஒரு பாட்டாவது வாசித்துவிட்டுத்தான் உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். அதுவரை அங்கேயே இரு.

உன் தங்கச்சி புருஷன்,
உன்மேல் பொறாமை தீராத மச்சான்,
வாசு