கடைசிப் பக்கத்தில் விட்டுப்போன வரி

என் செல்ல அம்மாவுக்கு,

உன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பொடி வரி விட்டுப்போயிருக்கிறது. இன்று காலையில்தான் கண்ணில் பட்டது.

நீ போன பிறகு தினமும் அந்த நோட்டைப் புரட்டுகிறேன். முதலில் உன் கையெழுத்துக்காக மட்டும்தான். பத்தாவதோடு நின்ற எனக்கு முடிவிலித் தொடர் எங்கே புரியும்? பார்த்துப் பார்த்து, எதற்குப் பின் எது வரும் என்று பழகிவிட்டது.

தி. நகர் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படிப்பாய். "முடிவே இல்லாம கூட்டிக்கினே போறோம். ஒரு அளவுக்குள்ள அடங்குமா, ஓடிக்கினே இருக்குமா? அதாண்டி கேள்வி." நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். தூரத்தில் மின்சார ரயில் போய்க்கொண்டே இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க, இன்டக்ரேஷன் போட்டுத் தொகையிடுவாய். log x-ஐ u என்று பிரதியிட்டதும், கீழே பொடி எழுத்தில் "x = 2 எனில் u = log 2" என்று எல்லையையும் மாற்றுவாய். "வீடு மாறினா ரேஷன் கார்டுல அட்ரஸ் மாத்தணும்ல?"

கடைசிக் கணக்கில் அந்த வரி இல்லை. u வந்த பிறகும் கீழ் எல்லையில் பழைய 2 நிற்கிறது. அதனால் 1/log 2 வரவேண்டிய இடத்தில் 1/2 வந்திருக்கிறது. எதுவானாலும் அளவுக்குள் அடங்கியதுதான். தொடர் ஒருங்கும் என்ற உன் முடிவு சரி. அன்றைக்கே உனக்கு உடம்பு முடியாமல் இருந்ததா? ஏன் சொல்லவில்லை?

அப்போதுதான் நூர்ஜஹான் அக்கா வாசலில் வந்து நின்றார். உன்னோடு அதே கடையில் நின்று, உன்னோடு சேர்ந்தே அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணக்கு எடுத்தவர்.

"இன்னாடி, ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிற? நோட்ட குடு, ஜெராக்ஸ் எடுத்துக்கினு வந்துடறேன். நாளன்னிக்குப் பரீட்சை. உங்கம்மா நோட்டுன்னா கண்ண மூடிக்கினு எழுதலாம்."

கண்ணை மூடிக்கொண்டு அந்த 2-ஐயும் எழுதிவிடுவாரே, அம்மா. மார்க் போய்விடுமே. உன் தப்பை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வேன்? உன் பக்கத்தில் என் எழுத்து படுவதற்கும் மனசு வரவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா," என்றேன்.

நீ எழுதிய எதையும் என்றைக்கும் அழிக்க மாட்டேன், அம்மா. உன் 2 இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டேன். பக்கத்தில், உன்னைப் போலவே பொடி எழுத்தில், விட்டுப்போன வரியை எழுதினேன். பக்கத்தை மூடாமல் அப்படியே அக்காவிடம் நீட்டி, அந்த வரியின்மேல் விரலை வைத்தேன்.

உன் மகள்,
தேன்மொழி