உன் வலது முழங்காலுக்கு

மக்கா,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஷட்டில் ஆடும்போது நான் போட்ட முக்கல் சத்தத்தைக் கேட்டு, எதிரே நின்ற ரப்பர் வியாபாரி மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் நெஞ்சைத் தடவினார். இது டென்னிஸ்காரர்கள் போடுகிற சத்தம் என்று விளக்குவதற்குள் இன்னொருவர் என் கழுத்தில் வலித்தைலத்தைத் தேய்த்துவிட்டார். அந்த வாடையோடு நீயும் வந்துவிட்டாய்.

டி.வி.யில் டென்னிஸ் பார்த்து நான் முதலில் கற்றதெல்லாம் இந்த மாதிரி உருப்படிகள்தான். பாயிண்டுக்குப் பாயிண்ட் துண்டால் முகம் துடைப்பது. தவறவிட்டால் மட்டையின் நரம்பை உற்றுப் பார்த்துப் பழியை அதன்மேல் போடுவது. சர்வீஸுக்கு முன் அவர்களைப் போலப் பந்தைத் தரையில் தட்டுவது. ஷட்டில் எழும்பாமல் கிடக்கும், நான் குனிந்து பொறுக்குவேன்.

"ஏலே, நாளைக்கு மட்டைய வீட்டுல வச்சிட்டு துண்ட மட்டும் கொண்டு வா" என்பாய். அருமனையில் நம் தகரக் கூரைக் கோர்ட்டே சிரிக்கும். பதினோரு வருஷத்தில் உன்னை ஓர் ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை. ஒன்றே ஒன்று ஜெயித்து, அதை அந்தக் கூட்டத்தின் முன்னால் உன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். மகள் கல்யாணமெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

ஒருநாள் டி.வி.யில், காலில் கட்டுப் போட்டு ஆடினவனை எதிராளி நெட்டுக்கு முன்னால் முன்னால் இழுத்தே கொன்றான். நொண்டி நொண்டி ஓடிவந்தான் அவன். கூட்டம் ஊளையிட்டது, அடித்தவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என் மனைவி "பாவம்" என்று அழப்போனாள். நான் பாடம் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே நீ திற்பரப்பு அருவிப் பாறையில் வழுக்கி வலது முழங்காலைத் திருப்பிக்கொண்டாய். கடவுள் உண்டு. மழைக்கு யாருமே வராத ஒரு காலையில், தைல வாடையோடு நீ மட்டும் வந்தாய்.

"முட்டுக்கு வேதனை உண்டு மக்கா. பைய ஆடு."

பையத்தான் ஆடினேன். நெட்டைத் தாண்டி ஒரு சாண். அதைவிடப் பைய ஒரு மனிதனால் அடிக்க முடியாது. நீ காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாய்; திரும்பிப் போனாய்; மறுபடியும் வந்தாய். நான் பத்தொன்பதில் நின்றபோது, "ஒண்ணையாவது பின்னால அடி டேய்" என்று கெஞ்சினாய். அடிக்கவில்லை. இருபத்தொன்று, பதினேழு.

தரையில் உட்கார்ந்துவிட்டாய். "இத எங்க படிச்ச?"

"டி.வி.யில."

"துண்டு போட்டு ஆடுனப்ப நீ நல்ல மனுசனாக்கும்."

நம் கூட்டத்திடம் ஜெயித்ததைச் சொன்னேன். "அவனே வந்து வாயால செல்லட்டும்" என்று சிரித்தார்கள். நீ வரவில்லை. ஆரஞ்சுப்பழத்தோடு உன்னைப் பார்க்க வந்தேனே, முழங்காலை விசாரிக்கவா வந்தேன்? "கோர்ட்டுக்கு வந்து ஸ்கோர மட்டும் செல்லிட்டுப் போயேன்" என்றேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய். மூன்றாம் மாதம் உன் நெஞ்சு நின்றது. உன் சவப்பெட்டியின் பக்கத்தில் நான் அழுதது நிஜம். அதில் பாதி, ஒரே சாட்சி போய்விட்டானே என்றுதான்.

உன் வீட்டு ஜெபக்கூட்டத்தில், மொத்தக் கூட்டமும் காப்பி குடித்துக்கொண்டிருக்க, உன் மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணே, கடைசியா ஆடுன அன்னைக்கும் உங்களத் தோப்பிச்சிட்டுத்தான் வந்தேன்னு செல்லிச் சிரிச்சாவ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேக்கை வாயில் திணித்துக்கொண்டேன்.

போகிற போக்கில் இப்படிச் செய்துவிட்டாயே மக்கா. ஆனாலும் நான் படித்தது வீண்போகவில்லை. இப்போதும் கோர்ட்டில் இறங்கியதும் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறான் என்றே பார்க்கிறேன். ரப்பர் வியாபாரிக்கு இடது கால்.

அந்த மழைநாளில் நாம் ஆடியது மூன்று ஆட்டம். முதல் இரண்டும் நீ ஜெயித்தாய்.