மொட்டை மரத்துக்கு மோர்

மார்ச் 3, திங்கள்

சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது அந்தக் கறிவேப்பிலை மரம். வெளிச்சம் கிடையாது. கொடியில் போட்ட துணியெல்லாம் அதன் பழக் கறை. வெட்டிவிடலாம் என்றால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. தாளிக்க, தலைக்கு எண்ணெய் காய்ச்ச, வயிற்றுப் பொருமலுக்கு, வாய்க் கசப்புக்கு – எதற்கெடுத்தாலும் அதுதான். இப்போது சர்க்கரைக்கும் அதுவேதானாம். எவனோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"காலையில வெறும் வயித்துல சாறு குடிச்சா போதும். மாத்திரையெல்லாம் உங்க கடைக்காரங்க பொழைக்கிறதுக்கு" என்கிறார். மருந்துக் கடையில் பில் போடுகிற என்னிடமே!

மார்ச் 11, செவ்வாய்

கால் கட்டைவிரல் புண் ஆறவில்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அசைந்தால்தானே. இவருடைய அப்பாவுக்குக் காலை எடுத்தது இதே சர்க்கரையில். மறந்துபோச்சா இந்த மனுஷனுக்கு?

மார்ச் 12, புதன்

செய்துவிட்டேன். மாத்திரையைப் பொடித்துச் சாற்றில் கலந்துவிட்டேன். பொடிக்கிற மாத்திரைதானா என்று கடையில் பார்மசிஸ்டிடம் ஜாடையாகக் கேட்டுக்கொண்டேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னிக்குத்தான் நல்லா அரைச்சிருக்க" என்றார்.

மே 3, சனி

ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. சர்க்கரை கட்டுக்குள். புண்ணும் ஆறிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் அந்தத் தாளைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்து, "பார்த்தியா? வெட்டணும்னியே" என்றார்.

மே 18, ஞாயிறு

தெருவில் இவருக்குக் 'கறிவேப்பிலை டாக்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. காலையில் எழுந்தால் வாசலில் ஆள். இவரும் பெருமை தாங்காமல் கிளை கிளையாக ஒடித்துக் கொடுக்கிறார். எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

வாயைத் திறந்தால் இவர் இனி என் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். திறக்காவிட்டால் – அந்த மனிதர்?

ஜூன் 1, ஞாயிறு

மனசு கேட்கவில்லை. கண்டக்டர் வீட்டம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அவர மாத்திரைய விட வேணாம்னு சொல்லும்மா. எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரையாலதான் சரியாச்சு. நான்தான் அவருக்குத் தெரியாம இலைச் சாறுல கலந்து குடுக்கிறேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. "இலை குடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லிடுங்கக்கா. எதுக்கு இப்படிக் கதை கட்டுறீங்க?"

ஜூன் 9, திங்கள்

கண்டக்டர் ஓடுகிற பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரை எகிறிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அந்த நல்ல பேரையும் நீயே வாங்கிக்கணுமா?"

மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினேன். "கடையிலேர்ந்து காலி அட்டை எடுத்துட்டு வர்றது பெரிய விஷயமா?" என்றார். கண்டக்டர் ஏன் விழுந்தாராம்? முற்றின இலையைத் தின்றாராம், கொழுந்துதான் வேலை செய்யுமாம். ஐயோ, நான் யார்கிட்டப் போய் முட்டிக்கிறது?

ஜூன் 15, ஞாயிறு

மரத்தில் ஒரு இணுக்கு இல்லை. உருவி, ஒடித்து, மொட்டையாக்கிவிட்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் கொட்டுகிறது. நான் கேட்ட வெளிச்சம்தான்.

காய்கறிக் கடையில் இலை வாங்கி அரைத்துக் கொடுத்தேன். மருந்தடித்த இலை, தொடவே மாட்டேன் என்றார். "நம்ம மரம் துளிர்க்கட்டும். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது." மாத்திரையைக் காபியில் கலந்து பார்த்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, கசக்கிறது என்று கொட்டிவிட்டார். அந்தக் கசப்பை மறைக்க அந்தச் சாறுதான் சரி. வேறு எதுவும் ஏமாற்றவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

கட்டைவிரல் மறுபடி சிவந்திருக்கிறது. செருப்பு கடித்துவிட்டதாம்.

ஜூலை 2, புதன்

மிஞ்சின மோரைப் புளிக்கவைத்து மரத்தடியில் ஊற்றினேன். நேற்றும் ஊற்றினேன். மண்ணைக் கிளறிவிட்டு, துளிர் வருகிறதா என்று நுனி நுனியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"இப்பவாவது மரத்தோட அருமை தெரிஞ்சுதே" என்றார்.

ஆமாங்க என்றேன். முந்தானை முடிச்சில் மாத்திரை இருந்தது.