தெற்கே ஒரு குளிர்ந்த வட்டம்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஏழு. காற்று துளியும் இல்லை. படகுத்துறையில் தண்ணீரின் சூடு 27.1. போன வாரம் 28.4. தெர்மாமீட்டரைத் துடைத்து மறுபடியும் இறக்கிப் பார்த்தேன். அதேதான்.

செய்ய வேண்டியவை: அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. கேஸ் புக்கிங். மைக் வயர்.

ஆபீசிலிருந்து சாட்டிலைட் படம். பாம்பனுக்கு நேர் தெற்கே, பத்து மைல் தாண்டி, நீல நிறத்தில் ஒரு வட்டம். மேடத்துக்குப் போன் போட்டேன். சென்னையில் இருந்துகொண்டு இந்தக் கடலைப் படிக்கிறவர்.

"சுழிம்மா அது. பெரிய நீரோட்டத்துலேருந்து பிரிஞ்சு வந்தது. உங்க பாலத்துத் தூணுக்குப் பின்னாடி தண்ணி சுழிச்சுக்கிட்டுத் தனியாப் போகும்ல? அதேதான், ஆனா பதினஞ்சு மைல் அகலம். நடுவுல அடித்தண்ணி மேல வரும். குளிரும். பாசி வளரும், மீன் கூடும்."

மீனவர் தகவல் மையத்து மைக்கில் அறிவித்தேன்: வட்டத்தின் ஓரங்களில் மீன் இருக்கலாம். தம்பி அருள் உடனே வந்துவிட்டான். "தெக்கு ஓரம் எம்புட்டு தூரம்க்கா?" இருபத்தைந்து மைல் என்றேன். வழக்கமாக அவன் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை.

மார்ச் 4, புதன்

27.0. வெயில்.

நேற்று மதியமே போன இரண்டு படகுகள் திரும்பிவிட்டன. சூரை, சீலா, பெட்டி பெட்டியாக. சேவியர் அண்ணன் துறையிலிருந்தே கத்தினார்: "ஸ்டெல்லா, நீ சொன்ன எடம் சொன்ன எடம்தான்!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷம், மறைப்பானேன். இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் முதல் தடவை.

அருளும் அந்தோணி மாமாவும் காலையில் கிளம்பிப் போனார்கள். நாளை விடியக் கரை சேர வேண்டும்.

மைக் வயர் மாற்றியாச்சு. மாத்திரை மறந்துபோனது.

மார்ச் 5, வியாழன்

அருள் வரவில்லை.

பத்து மணி வரை மீன் அதிகம் போல என்று பேச்சு. பன்னிரண்டுக்கு மேல் யாரும் அப்படிப் பேசவில்லை. போன் போகாத தூரம். படகில் ஒயர்லெஸ் இல்லை, பழுதென்று கழற்றிக் கொடுத்திருந்தான். நேற்று மாலை தெற்கு ஓரத்தில் அவன் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்ததைத் தங்கச்சிமடத்துப் படகு ஒன்று பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு தகவல் இல்லை.

ரோந்துக் கப்பலுக்குச் சொல்லியாயிற்று. ஊரிலிருந்து ஐந்து படகுகள் மேற்குப் பக்கம் தேடப் போயின.

ஜெனி, அருளின் மனைவி, மையத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "நீங்க மைக்குல சொல்லித்தான மதினி அவுக அம்புட்டு தூரம் போனாக?"

ஆமாம்தானே.

மாத்திரை வாங்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

26.9. கை பாட்டுக்கு அளக்கிறது.

ஐந்து படகும் வெறுமனே திரும்பின. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். முன்வரிசையில் ஜெனி, மடியில் பிள்ளை. பின்னால் யாரோ: "எல்ல தாண்டி அந்தப் பக்கத்து நேவிகிட்ட மாட்டியிருந்தாக்கூடத் தேவல. உசுராவது இருக்கும்." தம்பி பிடிபட்டிருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

நாலாம் ஸ்தலத்தில் எழுந்து வெளியே வந்தேன். ஏன் எல்லாரும் மேற்கே தேடுகிறார்கள்? கரையோரத்தில் தண்ணீர் மேற்கே ஓடுகிறது, அதனால். வட்டத்தின் தெற்கு ஓரத்திலும் அப்படியா?

மேடம் உடனே எடுத்தார். "இந்த மாதிரிக் குளிர்ந்த சுழி இடப்பக்கமாச் சுத்தும்மா. தெற்கு ஓரத்துல தண்ணி கிழக்க போகும். அப்புறம் வடக்க, அப்புறம் மேற்க. காத்து இல்லாததுனால படகு தண்ணியோடதான் போயிருக்கும். ஆனா வேகம் எனக்கு உறுதியாத் தெரியாது. வட்டத்தை விட்டு வெளிய விழுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு."

கிழக்கே வெளியே விழுந்தால் எல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு சேவியர் அண்ணன் வீட்டுக்கு.

"மாசி பங்குனில தண்ணி மேக்கதான் போகும் தாயி. எங்க அய்யா காலத்துலேருந்து அப்பிடித்தான்."

"கரையோரம் மேக்கதான்ண்ணே. செவ்வாக்கெழம தெக்கு ஓரத்துல வலை போட்டீகள்ல, அது எங்கிட்டு இழுத்துச்சு?"

யோசித்தார். சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

"கெழக்க" என்றார். "ஆமா. கெழக்கதான் இழுத்துச்சு. மீனு பட்ட சந்தோசத்துல அத நெனச்சுப் பாக்கல."

படத்தைத் தரையில் விரித்தோம். வட்டத்தின் ஓரமாக நூல் பிடித்தேன். அவர் வலை எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டு, அதை வைத்து நூலில் முடிச்சுகள். அந்தக் கணக்குப்படி நாளை காலை படகு வடகிழக்கு மூலையில். வேகம் தப்பென்றால் எல்லாமே தப்பு.

"வெடிஞ்சதும் போறேன். ரெண்டு படகு" என்றார் அண்ணன்.

மார்ச் 7, சனி

26.9. அலை இல்லை.

நானும் வருகிறேன் என்றதற்கு அண்ணன் கூடாது என்றுவிட்டார். பத்து மணி: வடகிழக்கு மூலையில் ஒன்றுமில்லை என்று ஒயர்லெஸ்ஸில் செய்தி. ஜெனி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை.

"வட்டத்து ஓரமாவே மேக்க போங்கண்ணே" என்றேன். மறுபடி சொன்னேன்.

மதியம் ஒன்றே கால். "பாத்துட்டோம். ரெண்டு பேரும் உசுரோட இருக்காக."

வடமேற்கு ஓரம். நான் சொன்னதைவிடத் தண்ணீர் வேகமாக ஓடியிருக்கிறது. கரையிலிருந்து பதினான்கே மைல். துடுப்பில் அந்தோணி மாமாவின் கைலியைக் கட்டி ஆட்டியிருக்கிறார்கள்.

புதன் மாலையே இன்ஜின் நின்றுவிட்டது. அதைப் பழுதுபார்க்கும்போது மாமாவுக்கு வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப்போனது. தண்ணீர் கேன் வியாழனோடு காலி. பிறகு மீன் பெட்டியில் உருகிய ஐஸ். வாந்தி, மறுபடி அதே தண்ணீர்.

துறையில் இறங்கியதும் அருள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஒரே எடத்துலதான் கெடக்கோம்னு நெனச்சோம்க்கா. அசையவே இல்ல."

முப்பது மைல் அளவுக்குச் சுற்றியிருக்கிறார்கள். அழுகைதான் வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

பூசை. பிறகு ராமநாதபுரம் ஆஸ்பத்திரி. அருளுக்கு குளுக்கோஸ், நாளை வீடு. மாமாவின் ஒரு விரலை எடுக்க வேண்டுமாம். மாமா சிரிக்கிறார். பக்கத்தில் அத்தைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். நீண்ட நேரம் கழித்து: "அந்த வலைக் கணக்கை எனக்கு எழுதி அனுப்பு. நாங்க போட்ட வேகம் குறைவு."

மார்ச் 9, திங்கள்

27.3. லேசான தெற்குக் காற்று. புதுப் படம். வட்டம் கொஞ்சம் மேற்கே நகர்ந்திருக்கிறது. மீன் இன்னும் அங்கேதான்.

மைக்கை இன்னும் போடவில்லை. ஜெனி உள்ளே வந்தாள். படத்தைக் கேட்டு வாங்கினாள்.

"எந்தப் பக்கமாச் சுத்துது மதினி?"

காட்டினேன். அவளும் விரலை வைத்துத் தெற்கிலிருந்து கிழக்கே நகர்த்தினாள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"வெள்ளிக்கெழம நம்ம கோயில்ல இருக்கையில அவுக இங்கனயா இருந்தாக?"

"இல்ல, அதுக்கும் மேல. வடகிழக்கு மூலையத் தாண்டியிருப்பாக."

விரலை அங்கே கொண்டுபோனாள். பிறகு சொன்னாள்: "மீனு எங்கன இருக்குன்னு மட்டும் சொல்லாதீக. தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னும் சொல்லுங்க."

மைக்கைப் போட்டேன். தெற்கு ஓரத்தில் கிழக்கே, கிழக்கு ஓரத்தில் வடக்கே, வடக்கு ஓரத்தில் மேற்கே. மூன்று முறை.