காணாமல் போனவர் பேசுகிறேன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். சைக்கிளும் நன்றாக இருக்கிறது. முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. நம் வீட்டு மாடிப்படியில்தான் அது குடியிருந்தது போலிருக்கிறது.

ரேடியோவில் என்னைத் தேடி அறிவிப்புக் கொடுத்திருக்கிறாய். அதை நானே என் காதால் கேட்டேன். கைப்பிடியில் கட்டியிருக்கிற சின்ன ரேடியோதான் எனக்கு வழித்துணை. ஓர் ஊரின் நிலையம் கரகரத்து மங்கினால் அந்த ஊர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச தூரம் வெறும் இரைச்சல். பிறகு புதுக் குரல் ஒன்று தண்ணீர் வராத தெருக்களையும், நேரம் மாறிய பேருந்தையும், தொலைந்த ஆட்டையும் சொல்ல ஆரம்பிக்கும். அப்படித்தான் நேற்று ஒரு பங்க்சர் கடையில் டியூபைக் கழற்றிப் போட்டிருந்தபோது, தொலைந்த ஆட்டுக்கு அடுத்ததாக நான் வந்தேன்.

பச்சை சைக்கிளில் சென்ற வயதான பெண், சற்று மறதி உள்ளவர், கண்டால் அன்பாகப் பேசி உட்காரவைத்துத் தகவல் தரவும். மறதி யாருக்கடா? கலங்கரை விளக்கம் வரை சைக்கிளில் போகப்போகிறேன் என்று உன்னிடம் எத்தனை முறை சொன்னேன். ஒருமுறை நீ போனைப் பார்த்தபடியே "சரிம்மா" என்றுகூடச் சொன்னாய்.

அதுவரை என்னோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த பங்க்சர் கடைக்காரர் ரேடியோவைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், அப்படியே குழைந்துவிட்டார். "வாங்கம்மா, நெழல்ல உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்கிறார். ஓட்டை இருந்த இடத்தை நான் காட்டியும் நம்பாமல் டியூபை மறுபடி தண்ணீரில் முக்கிப் பார்த்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஒரு வார்டின் துணி இன்னொரு வார்டுக்கு மாறாமல் காலமெல்லாம் அனுப்பியவள் நான். நாலு வரியில் என்னை ஒன்றும் தெரியாதவளாக்கிவிட்டாய்.

ஒட்டுப் போட்டதும் நேராக நிலையத்துக்குப் போனேன். மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. சத்தம் வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். அறிவிப்பாளர் பெண்ணுக்கு ஜலதோஷம். குடும்பத்தார் கொடுத்ததைக் குடும்பத்தார் சொன்னால்தான் நிறுத்த முடியும் என்றாள். காணாமல் போனவளே எதிரில் வந்து நிற்கிறேன், இனி யார் வந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டேன். சிரித்தாள், தும்மினாள், மைக்கை என் பக்கம் திருப்பினாள்.

காணாமல் போனவர் பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். நான் தொலையவில்லை, போய்க்கொண்டிருக்கிறேன், என்னை யாரும் உட்காரவைக்க வேண்டாம், வழிவிட்டால் போதும் என்றேன். வந்ததுதான் வந்தோமென்று, ஆற்றுப் பாலத்தருகே மண் சரிந்து கிடப்பதையும் லாரிக்காரர்கள் சுற்றிப் போகவேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன். நான் படி இறங்குவதற்குள் ஒரு லாரிக்காரர் போன் போட்டு நன்றி சொல்லிவிட்டார். உங்கள் பக்கம் போகிற அவரிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். விட்டுவிட்டுப் பெய்கிற இந்த மழை ஓயும்வரை இந்த ஊரில்தான் தங்கல். தினமும் சாயங்காலம் சாலை நிலவரம் சொல்ல என்னை வரச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண்.

நீ ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருகிறாயாம், சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொள்ளப் போகிறாயாம். உன்னிடம் போனில் பேசிவிட்டு அவள்தான் சொன்னாள். நான் உன்னிடம் போனில் பேச மாட்டேன். நீ அழுவாய், நான் திரும்பிவிடுவேன்.

அப்பா போனதிலிருந்து நீ பயந்துபோயிருக்கிறாய். அது எனக்குத் தெரியாதா? ஆனால் யோசித்துப் பார். அப்பாவையும் நாம் எல்லோரும் அன்பாகப் பேசித்தான் உட்காரவைத்தோம். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை.

மருமகளிடம் எரிந்து விழாதே. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. மழைக்கோட்டும் மாற்று பேட்டரிகளும் என் பையில் தானாக முளைத்தவை.

வருவதானால் வா, எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் சைக்கிளில் வா. பாலத்தருகே வேன் நுழையாது, சைக்கிள் நுழையும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்த நிலையம் எடுக்காது. தாண்டியதும் ரேடியோவைப் போடு, சாயங்காலமானால் நான் பேசிக்கொண்டிருப்பேன். சுற்றிக்கொண்டு வேனில்தான் வருவேன் என்றால், நீ வந்து சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். அறிவிப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தத் தடவை மறதி என்று போடாதே, பிடிவாதம் என்று போடு.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும். கிளம்பும்போது முன் பிரேக்கைப் பார்த்துக்கொள், சின்ன வயதிலிருந்தே அதை நீ கவனிப்பதில்லை.

இப்படிக்கு,
எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தே இருக்கிற
உன் அம்மா