மெஷினுக்குப் போகாத உப்பு

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாளே டாக்டரிடம் போனோம். என் கழுத்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்ல என்ன உப்பும்மா?" என்றார். உப்பாலையில் அயோடின் தெளிக்கிற மெஷினை ஓட்டுவதே என் வீட்டுக்காரர்தான் என்றேன், பெருமையாக. சொன்ன பிறகுதான் உறைத்தது. நீங்கள் வீட்டுக்கு அள்ளி வருவது மெஷினுக்குப் போகாத உப்பு. "நமக்கெதுக்குடி மருந்தடிச்ச உப்பு?" என்பீர்களே!

ஊருக்கெல்லாம் அயோடின், எனக்குத் தூங்குமூஞ்சிப் பட்டம். அயோடின் குறைந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்ததைச் சோம்பல் என்று உங்கள் அம்மாவிடம் வேறு சொன்னீர்கள்.

என்னை விடுங்கள். வயிற்றில் இருப்பதன் மூளை வளரவும் அந்தத் துளி அயோடின்தான் வேண்டுமாம்.

கூட்டிப்போக வருவதானால், உங்கள் கையால் அயோடின் தெளித்த பாக்கெட்டோடு வாருங்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கிறேன், கழுத்தைத் தடவும்போதெல்லாம்.

இப்படிக்கு,
உங்கள் தூங்குமூஞ்சி