செருப்பு வராத ஜூன்

9.6.2003, திங்கள்

அனல். காலையில் ஒரு தூறல், தூசியைக்கூட அடக்கவில்லை. சிமெண்ட் லாரி போகும் வழியெல்லாம் வாய்க்குள் மண். சின்னவளுக்கு யூனிஃபார்ம் பாவாடை தைக்கக் கொடுத்தாச்சு. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை.

மீன்சுருட்டியில் கால் பரிசோதனை. எல்லாரும் தொழுநோய் குணமானவர்கள். நோய் போயிற்று, பாதத்தில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. அவர்களுக்கு எங்கள் புராஜெக்டில் தரும் கறுப்பு ரப்பர் செருப்பு இந்த மாதமும் வரவில்லை. செல்லம்மா அக்காவின் செருப்பு அடியில் ஓட்டை. இடது காலில் இரண்டு விரல் ஏற்கெனவே போச்சு. இந்தச் செருப்பு போட்ட பிறகுதான் புண் இல்லாமல் இருக்கிறார். முந்திரிக் காட்டுக்கு வெறுங்காலோடு எப்படிப் போவது என்று கேட்டார். அடுத்த வாரம் வந்துவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

11.6, புதன்

வெளிநாட்டுப் பணம் நின்றுவிட்டதாம், டாக்டர் சொன்னார். பணம் தந்துவந்த அந்த நாட்டு மேடம் நாளை ஆபீசுக்கு வருகிறார். வரட்டும். இத்தனை வருஷம் வந்து வந்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, இப்போது பாதியில் கைகழுவுவதா? நாலு கேள்வி கேட்காமல் விடப்போவதில்லை.

12.6, வியாழன்

கேட்டேவிட்டேன், ஏன் எங்களை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று. டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். அந்தம்மாவுக்கு முகம் சிவந்துபோச்சு. பிறகு அந்தம்மா சொன்னதை டாக்டர் தமிழில் சொன்னார்.

"அவங்க நிறுத்தலம்மா. சின்ன நாடுங்க உதவி இனிமே வேணாம்னு நம்ம கவர்மெண்ட்டே சொல்லிடுச்சு."

தூக்கிவாரிப் போட்டது. நாமா? நாமா வேண்டாம் என்றோம்?

எங்கள் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்ததாம், இனி புதுப்பிக்க முடியாதாம். இந்தியா இப்போது மற்ற ஏழை நாடுகளுக்குக் கொடுக்கிற நாடாம். வேறு வழியாகத் தரப் பார்க்கிறார்களாம், ஏற்பாடாக நாளாகுமாம். எங்கள் ஆபீஸ் கணக்குப் பிள்ளை சார், எத்தனை நாளைக்குத்தான் கையேந்துவது, எப்போதோ சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஒரு நொடி எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அக்காவின் கால் ஞாபகம் வந்தது.

24.6, செவ்வாய்

செருப்புக்கு அலைந்ததுதான் மிச்சம். போன இடமெல்லாம் "ஆர்டர் வரணும்." வண்டி பஞ்சர். மண்ணெண்ணெய் கிடைத்தது. சின்னவளுக்குப் பாவாடை குட்டை, பிரிக்க வேண்டும்.

3.7, வியாழன்

மீன்சுருட்டி. செல்லம்மா அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். சிவப்பு வார் வைத்த புதுச் செருப்பு. ஜெயங்கொண்டத்தில் மகன் வாங்கிக் கொடுத்தானாம். ஊரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"இனிமே நீ அலையாத தங்கச்சி. இது நம்ம காசுல வாங்குனது."

காலை மடியில் வைத்துச் செருப்பைக் கழற்றினேன். வலதுகால் செருப்பு கழன்று வரவில்லை. கடைச் செருப்பில் வாரை ஆணி அடித்துத்தானே வைக்கிறார்கள். எங்கள் செருப்பில் ஆணியே கிடையாது. முழு ஆணியும் பாதத்துக்குள் இறங்கியிருந்தது. என் சேலையெல்லாம் ரத்தம்.

அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, அளவு சின்னதா?"